வாசலுக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி: மதுரைச் சௌராஷ்டிரர்கள், ஓர் அறிமுகம்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்புறம் இருந்த ஒரு சந்தில் என் சிறுவயது கழிந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையில் அந்தச் சுவரைத் தாண்டி முதலில் வருவது தறியின் சத்தம். அடுத்து வருவது பேச்சுச் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனைப் பள்ளிக்குக் கிளப்பும்போது சொல்வதில் ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியாது. அவரே வாசலுக்கு வந்து கீரைக்காரியிடம் பேரம் பேசும்போது எங்களைவிடச் சரளமாக மதுரைத் தமிழ் பேசுவார். விலை ஒத்துவராவிட்டால் உள்பக்கம் திரும்பி மாமியாரிடம் அந்தப் புரியாத மொழியில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, மறுபடி தமிழுக்கு வருவார். "என்னத்தா, என்னைய ஏசுறீகளா?" என்று கீரைக்காரி கேட்பதும், "உன்னைய ஏச எனக்கு எதுக்கு இன்னொரு பாஷை?" என்று அக்கா சிரிப்பதும் அந்தச் சந்தின் அன்றாட வழக்கம்.

அந்த மொழியின் பெயர் சௌராஷ்டிரம். அதைப் பேசுபவர்கள் சௌராஷ்டிரர்கள். ஊர் வழக்கில் பட்டுநூல்காரர்கள். பல நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டில் வாழும் இவர்கள் மேற்கிந்தியாவிலிருந்து வந்த ஒரு மொழியை இன்றுவரை வீட்டுக்குள் பேசுகிறார்கள். ஒரு சமூகம் புறப்பட்ட இடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வழியில் பல அரசுகளைக் கடந்து, வந்து சேர்ந்த ஊரின் மொழியையும் முழுமையாகக் கற்றுக்கொண்டு, அதன் பிறகும் பழைய மொழியை எப்படி வைத்திருக்க முடிந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையின் மையம். என்னைக் கேட்டால் அதற்கான விடையில் பாதிக்கு மேல் தறியில் இருக்கிறது. அதை முறையாகச் சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். சுற்றிலும் ஒரு பெரிய மொழி பேசப்படும் நிலத்தின் நடுவே, அதனோடு உறவில்லாத வேறொரு மொழி பேசும் சிறு கூட்டம் தலைமுறைகளாக நிலைத்திருக்குமானால் அதை மொழித்தீவு என்று மொழியியலார் சொல்வார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் திராவிட மொழிகள். சௌராஷ்டிரமோ குஜராத்தி, மராத்தி, கொங்கணி ஆகியவற்றுக்கு நெருக்கமான இந்தோ-ஆரிய மொழி. ஆகவே மதுரை, பரமக்குடி, எமனேஸ்வரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, வாலாஜாபேட்டை என்று அவர்கள் வாழும் ஒவ்வோர் ஊரும் ஒரு சிறு தீவு. இந்தத் தீவுகளுக்கிடையே பெண் கொடுத்துப் பெண் எடுத்துதான் மொழி ஓர் ஊரோடு ஒடுங்கிவிடாமல் இருந்தது. பரமக்குடியில் பேசுவதற்கும் சேலத்தில் பேசுவதற்கும் உச்சரிப்பிலும் சொற்களிலும் வேறுபாடு உண்டு. மருமகள் எந்த ஊர்க்காரி என்பதை மாமியார் முதல் வாரத்திலேயே குத்திக்காட்டிவிடுவார்.

இனி வரலாறு. இவர்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் காட்டுவது மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் நகரில் கிடைத்த ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டை. அந்த நகரின் பழைய பெயர் தசபுரம். குப்தப் பேரரசர் குமாரகுப்தரின் காலத்தில், இன்றைய தெற்கு குஜராத்தை ஒட்டிய லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே குடிபெயர்ந்தது; தாங்கள் சேர்த்த பொருளைக் கொண்டு சூரியனுக்கு ஒரு கோயில் கட்டியது; சில பத்தாண்டுகளில் கோயில் சிதைந்துபோக, கி.பி. 473-ஐ ஒட்டிய ஆண்டில் அதே குழு அதைப் புதுப்பித்தது. இந்தச் செய்தியை வத்சபட்டி என்ற கவிஞர் செய்யுளாக எழுதிக் கொடுக்க, அது கல்லில் வெட்டப்பட்டது.

அந்தச் செய்யுள்களில் இரண்டு இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, புதிய ஊருக்கு வந்த நெசவாளர்கள் எல்லாருமே நெசவாளர்களாக நீடிக்கவில்லை என்று கவிஞர் ஒளிக்காமல் சொல்லும் இடம். சிலர் வில்வித்தையில் தேர்ந்தார்கள். சிலர் கதை சொல்வதில் பெயர் பெற்றார்கள். சிலர் சோதிடம் கற்றார்கள். மற்றவர்கள் தங்கள் தொழிலிலேயே சிறந்து விளங்கினார்கள். குடிபெயர்ந்த இடத்தில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவது நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான சான்று இது. மற்றொன்று, அவர்கள் சரக்கின் அருமையைச் சொல்லும் இடம். இளமையும் அழகும் இருந்தாலும், பொன்மாலை பூண்டு, தாம்பூலம் தரித்து, பூச்சூடியிருந்தாலும், பட்டாடை இரண்டை உடுத்தாமல் எந்தப் பெண்ணும் தன் காதலனைத் தனித்துச் சந்திக்கப் போகமாட்டாள் என்கிறார் வத்சபட்டி. கோயில் கல்வெட்டுக்குள் ஜவுளிக்கடை விளம்பரம் நுழைந்துவிட்டது என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். அது கேலியாக இருந்தாலும் தவறான வாசிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கல்வெட்டின் நெசவாளர்களே இன்றைய சௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று நேரடியாகச் சொல்லும் ஆவணம் இல்லை. லாட நாடு, பட்டுத் தொழில், குழுவாக இடம்பெயரும் வழக்கம் ஆகிய மூன்றும் பொருந்துவதால் அப்படிக் கருதுகிறார்கள். சமூகத்தின் சொந்த நினைவோ வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கஜினி மாமூது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோமநாதபுரத்தைத் தாக்கியபோது இன்றைய குஜராத்தில் இருக்கும் சௌராஷ்டிர நாட்டை விட்டுப் புறப்பட்டதாகவும், யாதவ அரசர்களின் தேவகிரியில் தங்கியதாகவும், தேவகிரி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லி சுல்தான்களிடம் வீழ்ந்தபின் விஜயநகரத்துக்கு வந்ததாகவும், அங்கிருந்து நாயக்கர் ஆட்சியில் மதுரையை அடைந்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய திருமணச் சடங்குகளில் இந்தப் பயணமே ஓர் உரையாடலாக இடம்பெற்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எதிரெதிரே அமர்ந்து, எங்கிருந்து வருகிறீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்பதும், ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பதிலளிப்பதுமாக அது நடக்கும். எழுத்தில் வரலாறு இல்லாத ஒரு சமூகம் அதைப் பாதுகாக்கத் திருமணப் பந்தலைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்; ஏனென்றால் பந்தலுக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும்.

வாய்மொழி வரலாற்றை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு மொழியே ஒரு சாட்சி. ஆற்றுப்படுகையைத் தோண்டினால் வெவ்வேறு காலத்து மண் அடுக்கடுக்காகத் தெரிவது போல, ஒரு மொழியின் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் அது யாரோடெல்லாம் பழகியது என்பது தெரியும். சௌராஷ்டிரத்தில் நீருக்குப் பானி. மூன்று, நான்கு, ஐந்துக்குத் தீன், சார், பாஞ்ச். இவை வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொது. சமையலறைக்குள் போனால் இன்னும் துல்லியமான தடயங்கள் கிடைக்கும். புளியோதரையை அவர்கள் அம்பட் பாத் என்பார்கள். அம்பட் என்றால் புளிப்பு, பாத் என்றால் சோறு, மராத்தியிலும் இதே சொற்கள்தான். மழைக்காலத்தில் கல்யாண முருங்கை இலையை அரைத்துச் சுடும் பலகாரத்துக்குப் பங்கரபான் போண்டா என்று பெயர். கல்யாண முருங்கை மரத்தை மராத்தியர் பாங்கரா என்கிறார்கள். பான் என்றால் இலை. தேவகிரி இருப்பது இன்றைய மகாராஷ்டிரத்தில். எங்கள் தெருவில் மழை பெய்தால் சளிக்கு நல்லது என்று ஒரு தட்டு நிறையப் பங்கரபான் வந்துவிடும்; சூட்டோடு பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்த வயதில், அந்தப் பெயர் மராட்டிய நாட்டு மரமொன்றின் பெயர் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மேலே தெலுங்கும் கன்னடமும் படிந்த ஓர் அடுக்கு. விஜயநகரத்தின் மொழிகள் அவை. கடைசியில் தமிழ். கல்யாணத்தில் சொல்லப்பட்ட ஊர்களின் வரிசையும் மொழியின் அடுக்குகளும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன.

ஆனால் ஏன் இவர்களே மீண்டும் மீண்டும் நகர்ந்தார்கள்? பஞ்சமும் படையெடுப்பும் எல்லாரையும் பாதித்தன. உழவர்கள் பெரும்பாலும் நிலத்தை விட்டு நகரவில்லை, நெசவாளர்கள் நகர்ந்தார்கள். பட்டு வாங்குபவர் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். அரண்மனையும் கோயிலும்தான் அக்காலத்தில் பட்டின் பெரிய வாடிக்கையாளர்கள். தலைநகரம் விழுந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். அடுத்த தலைநகரம் எங்கே எழுகிறதோ அங்கே போனால்தான் பிழைப்பு. தொழிலோ கையில் இருக்கிறது. தறியைப் போகிற இடத்தில் மரம் வாங்கி அமைத்துக்கொள்ளலாம். அரசருக்கும் இது லாபம்: நல்ல நெசவாளர்கள் இருந்தால் வணிகம் பெருகும், வரி வரும். தமிழகத்தில் கன்னடம் பேசும் தேவாங்கரும் தெலுங்கு பேசும் பத்மசாலியரும் இருப்பதற்கும் இதுவே பொதுக் காரணம். அவர்களோடு வைத்துப் பார்த்தால்தான் சௌராஷ்டிரர்களின் கதை விதிவிலக்கன்று, அந்தக் காலத்துத் தொழில் உலகின் இயல்பு என்பது புரியும்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கியது. மதுரையில் நாயக்கர் ஆட்சி அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. திருமலை நாயக்கர் (1623–1659) திருச்சிராப்பள்ளியிலிருந்து தலைநகரை மதுரைக்கு மாற்றி, 1636ஆம் ஆண்டையொட்டித் தம் அரண்மனையை எழுப்பினார். அரண்மனைக்குப் பட்டு வேண்டும். பட்டு நெய்பவர்கள் அருகிலேயே வேண்டும். மகாலைச் சுற்றி எண்களால் பெயர் பெற்ற மகால் தெருக்களிலும், விளக்குத்தூண், கீழவாசல், தெற்குக் கிருஷ்ணன் கோயில் தெரு வட்டாரங்களிலும் அவர்கள் நிறைந்திருப்பது தற்செயலன்று. அரண்மனையின் பெரும்பகுதி பின்னாளில் அழிந்துவிட்டது. அதன் மிச்சமாக நிற்கும் பெருந்தூண்களால் பத்துத்தூண் சந்து என்றே ஒரு சந்துக்குப் பெயர். இன்று அந்தத் தூண்களைச் சுற்றிலும் சேலைக்கடைகள். அரசர் போய்விட்டார், அரண்மனையும் பெரிதும் போய்விட்டது, துணிக்காரர்கள் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார்கள்.

இப்போது தறிக்கு வருகிறேன். பழைய சௌராஷ்டிரர் வீடு ஒன்றின் அமைப்பைச் சொன்னால் மொழி எப்படிப் பிழைத்தது என்பது பாதி விளங்கிவிடும். வீட்டின் முன்கூடத்திலேயே தரையில் ஒரு குழி. அதில் காலை விட்டு அமர்ந்தால் மிதிகட்டைகள் காலுக்கு எட்டும், நெஞ்சுக்கு நேரே பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீண்டிருக்கும். வீட்டுத் தலைவர் நெய்வார். மனைவி ராட்டையில் தார், அதாவது குறுக்கு நூலுக்கான குழல், சுற்றிக் கொடுப்பார். தாத்தா அறுந்த இழைகளைப் பிணைப்பார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் எடுத்துக்கொடுக்கும் வேலை செய்வார்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி நீவிவிடுவார்கள். அந்த நேரத்தில் தெருவில் சைக்கிளில் போக முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டு சுவரோரமாகப் போக வேண்டும். இந்த ஒவ்வொரு வேலையிலும் பேச்சு உண்டு: இழு, விடு, அறுந்தது, இறுக்கு, இன்னும் ஒரு முழம். அத்தனையும் சௌராஷ்டிரத்தில். நூல் வணிகரும் சாயப்பட்டறைக்காரரும் துணி வாங்கும் முதலாளியும் பெரும்பாலும் அதே சமூகம். ஆகவே ஒரு குழந்தை மூன்று வயதில் தாயிடம் கேட்ட மொழியைப் பதினைந்து வயதில் தொழிலிலும் கேட்டது. வேலைக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்ற பிரிவு அங்கே இருக்கவில்லை. வேலையே வீட்டுக்குள் இருந்தது. வாசலுக்கு வெளியே தமிழ் தேவைப்பட்டது, அதையும் கற்றார்கள். வெளியுலகை வெறுத்து ஒதுங்கியதால் மொழி பிழைத்தது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கீரைக்காரியோடு பேரம் பேசிய அந்த அக்கா ஒதுங்கியவராக எனக்கு ஒருநாளும் தெரியவில்லை.

சுங்குடியைப் பற்றிச் சொல்லாமல் தறியைப் பற்றிப் பேசக்கூடாது. வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து, குறித்த இடங்களில் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். பிறகு முழுச் சேலையையும் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் துணியின் இரு முனைகளையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள், ஒவ்வொன்றும் கையால். சமையல் முடிந்த பிற்பகலில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடிச்சிடுவார்கள். கண் பேச்சுத் துணையிடம் இருக்கும், விரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கையால் முடிந்த புள்ளி ஒரு சின்ன வளையமாக, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல், தொட்டால் மேடாக இருக்கும். எல்லாப் புள்ளிகளும் அச்சடித்ததுபோல் இருந்தால் அது அச்சடித்ததேதான். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் இன்று கடைகளில் அந்தப் பெயரில் தொங்குபவற்றில் மெழுகு அச்சும் திரை அச்சும்தான் அதிகம், ஏனென்றால் முடிச்சுக்குக் கிடைக்கும் கூலிக்கு யாரும் நாள் முழுக்கக் குனிந்திருக்க மாட்டார்கள்.

அண்டை வீட்டாராக வாழ்ந்தார்கள் என்பதால் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்கள் பூணூல் அணிவார்கள். தங்களைப் பிராமணர் என்றே கருதுவார்கள். புதிதாக வந்த நெசவாளர்களுக்கு அந்த உரிமை உண்டா என்ற சச்சரவு ராணி மங்கம்மாள் காலத்திலேயே எழுந்தது. ஆவணி அவிட்டம் கொண்டாடியதற்காகப் பதினெட்டுப் பேரை மதுரையில் அதிகாரி கைது செய்ய, விவகாரம் ராணியிடம் போனது. அவர் சாத்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரித்து, சடங்குகளை அவர்கள் செய்யலாம் என்று ஓலையில் தீர்ப்பு வழங்கினார். குடிவந்தவர்களின் தகுதியைப் பழையவர்கள் கேள்விகேட்பதும், அதற்கு அரசு ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் எந்த நாட்டுக் குடிபெயர்வுக் கதையிலும் வரும் காட்சிதான். பிற்காலத் தமிழக அரசின் பட்டியலில் சௌராஷ்டிரர் பிற்படுத்தப்பட்ட வகுப்பாக, பட்டுநூல்காரர் என்ற பழைய பெயரும் சேர்த்து, இடம்பெற்றிருக்கிறார்கள். சடங்கில் தாங்கள் யார் என்பது ஒரு கேள்வி. தறிக்கூலியை நம்பி வாழ்ந்த பெரும்பான்மைக் குடும்பங்களின் வசதி என்ன என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதிடுபவர்களை இரு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

பெயர்களைப் பார்த்தும் சிலவற்றை அறியலாம். ஐயர், ஐயங்கார், ராவ், பாகவதர் என்ற ஒட்டுகள் இவர்களிடமும் உண்டு என்பதால் வெளியூர்க்காரர் குழம்புவார்கள். உண்மையான அடையாளம் முன்னெழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பெயர் உண்டு; அதன் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து இரண்டு முன்னெழுத்துகளாக நிற்கும். தமிழர் அனைவரும் அறிந்த டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். அதில் டி என்பது தொகுளுவா என்ற குடும்பப்பெயர். எம் என்பது தந்தையார் மீனாட்சி ஐயங்கார். தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று தமிழர்கள் கொண்டாடிய குரல், வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்தது. மொழித்தீவு என்ற சொல்லை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இசையில் அவருக்கு முன்னோடி உண்டு. தியாகராஜரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். குருவின் கீர்த்தனைகளை அவரும் அவர் வழியினரும் ஏட்டில் எழுதிவைத்ததால்தான் பல பாடல்கள் பிழையின்றி நமக்குக் கிடைத்தன. அந்தச் சுவடிகள் மதுரைச் சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டு வந்தன. அதே மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) தன்னைப் பெருமாளின் நாயகியாகப் பாவித்துச் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடினார். மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி அவர் பாடல்களோடு எங்கள் சந்தைக் கடந்து போகும். பொருள் தெரியாமலே சில அடிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். தமிழ் இலக்கியத்திலும் இடம் உண்டு: 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் இச்சமூகத்தவர். பொதுவாழ்வில் என்.எம்.ஆர். சுப்பராமனைச் சொல்ல வேண்டும். மதுரைக் காந்தி என்று அழைக்கப்பட்ட அவர், 1939இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குத் துணைநின்றவர். 1962இல் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

புதிதாகப் பழகுபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இவர்கள் நகரத்துக் குஜராத்தி வணிகர்கள் அல்லர். அவர்கள் வெகு பின்னால், வேறு காரணத்துக்காக வந்தவர்கள், அவர்களுக்குத் தங்கள் ஊரோடு உறவு அறுந்ததில்லை. எல்லாரும் சைவ உணவுக்காரர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம், வீட்டுக்கு வீடு மாறும். பட்டுநூல்காரர் என்ற சொல்லை ஊர் மதிப்போடும் சொல்லியிருக்கிறது, கிண்டலாகவும் சொல்லியிருக்கிறது. எந்தத் தொனி என்பது கேட்பவருக்குத் தெரியும், ஆகவே சௌராஷ்டிரர் என்பதே பாதுகாப்பு. உங்கள் எதிரில் அவர்கள் தம் மொழிக்கு மாறினால் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கள் கீரைக்காரிக்கு இது பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின; பிடிபட்ட பிறகு அவரே இரண்டொரு சொல் கற்றுக்கொண்டு, கூடையை இறக்கியதும் "பானி" என்று சத்தமாகக் கேட்பார். செம்பில் தண்ணீர் வரும்.

இந்த ஏற்பாடு இப்போது தளர்ந்துகொண்டிருக்கிறது. மில் துணியும் விசைத்தறியும் கைத்தறியின் விலையைக் கீழே தள்ளின. அதற்கு வெகு முன்பே, 1886இலேயே, மதுரையில் தங்களுக்கென்று பள்ளி தொடங்கிய சமூகம் இது. படித்த பிள்ளைகள் வங்கிக்கும் ஆசிரியப் பணிக்கும் கணினித் துறைக்கும் போனார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் தறிக்குழியை மண் போட்டு நிரப்பி மேலே மொசைக் பதித்த நாள் நினைவிருக்கிறது. கொத்தனாருக்குச் சொன்னதெல்லாம் தமிழில். அந்தக் கூடத்தில் பிறகு தொலைக்காட்சி வந்தது, அதுவும் தமிழில் பேசியது. தொழிலுக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்ற பிரிவு முதன்முறையாக அந்த வீட்டில் ஏற்பட்டது. பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்டால் பேரன் தமிழில் பதில் சொல்லும் நிலையை மொழிப்பெயர்ச்சியின் நடுக்கட்டம் என்பார்கள்: புரிந்துகொள்ளும் திறன் இருக்கும், பேசும் பழக்கம் குறையும்; அடுத்த தலைமுறைக்குப் புரிவதும் குறையும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கவலை தெரியாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,85,420 பேர்; 2011இல் 2,47,702 பேர். கணக்கெடுப்பு அதைக் குஜராத்தி என்ற தலைப்பின்கீழ் ஒரு தாய்மொழியாகச் சேர்த்து எண்ணுகிறது; அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அதற்குத் தனி இடம் இல்லை. கணக்கெடுப்பாளர் கேட்பது தாய்மொழி எது என்றுதான். நேற்று இரவு சாப்பாட்டின்போது எந்த மொழியில் பேசினீர்கள் என்று அவர் கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் குஜராத்தில் நடந்த சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமம் என்ற விழாவுக்காகத் தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர்கள் சிறப்பு ரயில்களில் சோமநாதபுரம் போனார்கள். கல்யாண உரையாடலில் மட்டும் கேட்ட ஊரை நேரில் பார்த்த முதியவர்கள் கண்கலங்கியதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அங்குள்ளவர்களிடம் பேசப் பலருக்கு இந்தி தேவைப்பட்டது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

எழுத்தின் கதை தனி. இம்மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொ.மு. ராமராய் அதற்கு அச்சு வடிவம் கொடுத்துப் பாடநூல்கள் வெளியிட்டார். தேவநாகரியே போதும் என்று ஒரு பக்கமும், எல்லாருக்கும் தெரிந்த தமிழெழுத்தே சரி என்று மற்றொரு பக்கமும் வாதிட, ஒரு நூற்றாண்டு ஓடியது. 2008இல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் இடம்பெற்றது. ஆனாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. தமிழெழுத்தில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும்: மூச்சை அழுத்தி ஒலிக்கும் ம, ந, ர, ல போன்ற ஒலிகள் அதில் உண்டு, தமிழில் அவற்றுக்கு எழுத்துக் கிடையாது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. எழுத்தை அடுத்து இரண்டு புள்ளிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பேரன், இப்போது பெங்களூரில் வேலை, தன் பாட்டிக்குக் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். நான் எட்டிப் பார்த்தேன்: தமிழெழுத்து, நடுநடுவே அந்த இரட்டைப் புள்ளிகள். ஓர் இடத்தில் புள்ளி விடுபட்டிருந்தது. பாட்டி அந்தச் சொல்லைச் சரியாகவே ஒலித்துவிட்டு, "இவனுக்கு எழுத வரலை, ஆனா சொல்ல வந்ததைச் சொல்லிட்டான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.